நாலாவது பை

என் மகள் கேட்டது பெரிய காரியம் ஒன்றுமில்லை. சுவரில் தொங்கவிடுகிற மாதிரி ஒரு துணி; அதில் நான்கு பைகள். ஒன்றில் குழந்தையின் சட்டைகள், ஒன்றில் நாப்கின்கள், ஒன்றில் துண்டுகள், ஒன்றில் பஞ்சு, எண்ணெய், பவுடர் என்று கைக்கு வேண்டிய சில்லறைச் சாமான்கள். கடைகளில் விற்கிறார்கள். "அதெல்லாம் ஒரு மாதிரி வாசனை அடிக்குதும்மா. நீயே தைச்சுக் கொடேன்" என்றாள்.

எழுபது வயதானவளை ஒரு வேலைக்கு யாராவது கூப்பிட்டால் அதுவே ஒரு கௌரவம். உடனே "சரி" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அடிவயிற்றில் என்னவோ செய்தது. அவளுக்கு அப்போது ஏழாம் மாதம் பிறந்திருந்தது. அதற்கு முன் இரண்டு தடவை, ஒன்று மூன்றாம் மாதத்திலும் மற்றொன்று ஐந்தாம் மாதத்திலுமாக, எங்கள் கையை விட்டுப் போயிருந்தது.

இருந்தாலும் வேலையை ஆரம்பித்தேன். பருத்தித் துணியை வெட்டுவதற்கு முன் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போட வேண்டும். இல்லாவிட்டால் தைத்து முடித்து முதல் தடவை துவைத்ததும் சுருங்கிக் கோணிக்கொள்ளும். அடித்துணி இருபது அங்குல அகலம், முப்பது அங்குல உயரம். நடுவில் சட்டைக் காலருக்கு வைக்கிற கான்வாஸ். மேல் வரிசையில் இரண்டு பை, கீழ் வரிசையில் இரண்டு. பை பத்து அங்குலம்தான் என்றாலும் அதற்குத் துணி பதின்மூன்று அங்குலம் வெட்ட வேண்டும். மிகுதி மூன்று அங்குலத்தை இரு பக்கமும் மடிப்பாக எடுத்துவிட்டால்தான் உள்ளே கை போகும். தட்டையாகத் தைத்த பையைப் பார்க்க அழகாக இருக்கும். ஒரு கைக்குட்டைக்கு மேல் கொள்ளாது. இன்னொன்று: கையின் இழுப்பெல்லாம் பையின் மேல் மூலையில்தான் விழும். அங்கே ஊசியை முன்னும் பின்னுமாக மூன்று தடவை ஓட்டவேண்டும். அவசரக்காரர்கள் தைத்த பை முதலில் பிய்வது அந்த இடத்தில்தான்.

மூன்று பைகள் ஒரே நாளில் முடிந்தன. நாலாவது பைக்கு மடிப்பு எடுத்து, குண்டூசி குத்தி, மெஷினுக்கு அடியில் வைத்தவள் சக்கரத்தைத் திருப்பவில்லை. எழுந்து காப்பி போடப் போய்விட்டேன். மறுநாள் தலைவலி. அதற்கு மறுநாள் கரண்ட் இல்லை. என் மெஷின் காலால் மிதிக்கிற மெஷின். கரண்டுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது!

பிள்ளை பிறப்பதற்கு முன் அதற்கென்று புதிதாக எதுவும் வாங்கக்கூடாது, தைக்கக்கூடாது என்பது நம் வீடுகள் பலவற்றில் பெரியவர்கள் வைத்த கட்டு. பிறந்த பிறகு பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றுவார்கள். நாலு பிள்ளை பெற்று வளர்த்த வீட்டிலிருந்து ஒரு பழஞ்சட்டை கேட்டு வாங்கிப் போடுவார்கள். புதுத் துணியின் கஞ்சி பச்சை உடம்பை உறுத்தும் என்று காரணம் சொல்வார்கள். அது உண்மைதான், முழு உண்மையல்ல என்பது சொல்பவர்களுக்கும் தெரியும், கேட்பவர்களுக்கும் தெரியும். நமக்கு மட்டும் உரிய பயமும் அல்ல இது. யூதர்களிலும் பல குடும்பங்களில் குழந்தை பிறக்கும்வரை தொட்டிலையோ துணியையோ வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை.

இதை மூட நம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை. 1951-ல் இந்தியாவில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 146 குழந்தைகள் ஒரு வயது நிறைவதற்குள் இறந்தன என்பது அரசாங்கக் கணக்கு. ஏறத்தாழ ஏழுக்கு ஒன்று. ஒரு தெருவில் பத்து வீடு இருந்தால், அதில் நாலைந்து வீடாவது அந்தத் துக்கத்தைப் பார்த்திருக்கும். சகல ஏற்பாடுகளும் செய்து வைத்த வெறும் தொட்டில் ஒன்று கூடத்தில் தொங்குவதைப் பார்த்த பாட்டிமார்கள்தாம் இந்தக் கட்டை வைத்திருக்க வேண்டும். அவர்களுடைய நோக்கத்தில் தெய்வத்தைப் பற்றிய பயத்தைவிடப் பெற்றவளைப் பற்றிய இரக்கம் அதிகம் என்றே எனக்குப் படுகிறது.

2020-ம் வருஷக் கணக்கில் அந்த 146 என்பது 28 ஆகிவிட்டது. தமிழ்நாட்டில் 13. இந்தக் குறைவுக்காக எத்தனை கிராமத்து நர்ஸுகள் எத்தனை மைல் நடந்திருப்பார்கள் என்று நினைத்தால் கைகூப்பத் தோன்றுகிறது. ஆனால் அந்த 13 என் மகளுக்கு ஆறுதலாகாது. அது பிறந்த குழந்தைகளின் கணக்கு. பிறக்காமலே போனவை அதில் சேரவில்லை.

கிரேக்க மொழியில் போதித்த எபிக்டெட்டஸ் என்ற ஞானி ஒருவர் உண்டு. அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். உன் குழந்தையை முத்தமிடும்போது, சாகக்கூடிய ஒன்றைத்தான் முத்தமிடுகிறோம் என்று நினைத்துக்கொள், அப்போது அது இறந்தாலும் கலங்கமாட்டாய் என்பது அவருடைய உபதேசம். நம் பாட்டிமார்களின் கட்டுக்கும் இதற்கும் அதிக தூரமில்லை. கையை நீட்டாதே, நீட்டிய கை வெறுங்கையாகத் திரும்பினால் தாங்கமாட்டாய் என்பதுதான் இரண்டும். இளம் வயதில் இதைப் படித்தபோது எவ்வளவு பெரிய ஞானம் என்று பிரமித்தேன். பிறகு ஒரு குழந்தையைப் பெற்றேன்; பிரமிப்பு கொஞ்சம் குறைந்தது. அந்த மகானே கிழ வயதில், கைவிடப்பட இருந்த ஒரு நண்பரின் குழந்தையை எடுத்துக்கொண்டு, அதை வளர்ப்பதற்காக ஒரு பெண்ணையும் வீட்டுக்கு அழைத்து வந்தாராம். அவருடைய நூலுக்குப் பிற்காலத்தில் உரை எழுதியவர் சொல்லியிருக்கிறார். அந்தப் பிள்ளையை முத்தமிடும்போது கிழவர் என்ன நினைத்துக்கொண்டார் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை.

நான் நாலாவது பையைத் தைக்காமல் நாளைக் கடத்தியதற்கு வேறொரு காரணமும் உண்டு. அது என் அம்மாவைப் பற்றியது.

எங்கள் ஊர் திருநெல்வேலிச் சீமை. அம்மாவிடம் ஒரு சிங்கர் கை மெஷின் இருந்தது. பெரியப்பா கொழும்பிலிருந்து கொண்டுவந்தது. அப்பா கதர்க்காரர். வீட்டில் இயந்திரம் எதற்கு என்று யாராவது கேட்டால், 1924-ல் காந்தியடிகள் இயந்திரங்களைப் பற்றிப் பேசியபோது தையல் மெஷினுக்கு மட்டும் விலக்குக் கொடுத்ததைச் சொல்லிவிடுவார். மனைவி கையால் தைத்துத் தைத்து அலுத்துப்போவதைப் பார்த்து, அன்பினால் சிங்கர் அதைச் செய்தார் என்று காந்திஜி நம்பினார். உண்மையில் சிங்கர் அப்படிப்பட்ட கணவர் அல்லர். பல பெண்களிடம் இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பெற்றவர். 1851-ல் காப்புரிமை வாங்கியதும் பணத்துக்காகத்தான். ஆனாலும் காந்திஜியின் தவறு எனக்குப் பிடித்த தவறு. ஒரு யந்திரத்தைப் பார்த்ததும், இது யாருடைய அலுப்பைத் தீர்க்கிறது என்று அவர் தேடியிருக்கிறார்.

அந்த மெஷினுக்குப் பக்கத்துச் சுவரில், மங்கின சிவப்புச் சுங்குடிச் சேலைத் துணியில் தைத்த ஒரு பைத்தொங்கல் ஆணியில் மாட்டியிருக்கும். அதில் மூன்று பைகள். கத்தரிக்கோல், நூல்கண்டு, இஞ்சு டேப் எல்லாம் அவற்றில்தான் இருக்கும். நாலாவது பை இருக்க வேண்டிய இடத்தில் கச்சாத் தையல் போட்ட வெள்ளை நூலின் அடையாளம் மட்டும் ஒரு சதுரமாகத் தெரியும். சிறு பெண்ணாக இருந்தபோது அந்தச் சதுரத்தை விரலால் தடவியிருக்கிறேன். துணி போதவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

1991-ல் அம்மாவுக்குக் கர்ப்பப்பையில் ஆபரேஷன் செய்யவேண்டி வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வழக்கமான கேள்விகளைக் கேட்டு எழுதிக்கொண்டே வந்தார்.

"எத்தனை பிரசவம்?"

"நாலு" என்றாள் அம்மா.

அம்மாவுக்கு மயக்கமோ, ஞாபகப் பிசகோ என்று நான் அவசரமாக, "மூன்று, டாக்டர். நான், தம்பி, தங்கை" என்றேன்.

அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. டாக்டரம்மாவைப் பார்த்து, குரலை உயர்த்தாமல் மறுபடியும், "நாலு" என்றாள்.

பிற்பாடு அத்தைதான் சொன்னாள். 1952-ல், நான் பிறப்பதற்கு இரண்டு வருஷம் முன்பு, ஓர் ஆண் குழந்தை பிறந்து மூன்றாம் நாள் போய்விட்டது. பெயர் வைக்கும் நாள் வரவில்லை. ஆகவே பெயரும் இல்லை. "பேறுகாலத்துக்கு முந்தியே உங்கம்மை அதைத் தைக்க ஆரம்பிச்சிட்டா. பொறக்காத பிள்ளைக்கு முன்கூட்டித் தைக்காதளான்னு நான் சொன்னேன். கேக்கலை. பிள்ளை போன பொறவு, அதான் அன்னிக்கே சொன்னேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டேன். அவ ஒண்ணும் பேசலை. துணியைச் சுருட்டி எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டா" என்றாள் அத்தை. அதைச் சொல்லும்போது அவளுக்கு எழுபது வயதுக்கு மேல். அந்த ஒரு வார்த்தை அவளையும் நாற்பது வருஷமாக அரித்துக்கொண்டிருந்தது என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

அதற்குப் பிறகு பிறந்த எங்கள் மூவருக்கும் அம்மா பிரசவத்துக்கு முன் ஒரு கைக்குட்டைகூடத் தைக்கவில்லையாம். எங்கள் துணிகள் ஒரு பனையோலைப் பெட்டியில் கிடந்தன.

அம்மா 2003 வரை இருந்தாள். அந்த "நாலு" என்ற வார்த்தைக்குப் பிறகு பன்னிரண்டு வருஷம். எவ்வளவோ மத்தியானங்கள் அந்த மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவளோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். கதைகளில் எத்தனையோ பெண்களின் மனத்தைத் திறந்து பார்ப்பதாகப் பெயர் வாங்கிய நான், அவளிடம் ஒரு தடவைகூட அதைப் பற்றிக் கேட்கவில்லை. புண்ணைக் கிளறுவானேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவளோ யாரோ ஒரு டாக்டரம்மா கேட்டதும், முப்பத்தொன்பது வருஷம் காத்திருந்தவள்போல் ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட்டாள். கிளறக்கூடாது என்று இருந்தவள் அவளல்ல. பயம் எனக்குத்தான்.

இவ்வளவும் யோசித்துக்கொண்டிருந்தபோது, முன்பு படித்த லண்டன் சமாசாரம் ஒன்று நினைவுக்கு வந்தது. தாமஸ் கோரம் என்ற கப்பல் தலைவர் 1739-ல் அங்கே கைவிடப்பட்ட குழந்தைகளுக்காக ஓர் இல்லம் ஏற்படுத்தினார். வளர்க்க வழியில்லாத தாய்மார்கள் கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து விட்டுப்போவார்கள். பிற்காலத்தில் திரும்பி வந்தால் அடையாளம் காட்டவேண்டுமே என்பதற்காக, பதிவுத் தாளோடு ஒரு துண்டுத் துணியைக் குத்தி வைப்பது வழக்கம். அப்படிச் சேர்ந்த சுமார் 5,000 துணித் துண்டுகள் இன்றும் இருக்கின்றன. சீட்டித் துணி, ரிப்பன், சட்டையின் கைப்பகுதியிலிருந்து வெட்டிய ஓரம். 1741 முதல் 1760 வரை சேர்க்கப்பட்ட 16,282 குழந்தைகளில் தாய்மார்கள் திரும்ப வந்து வாங்கிக்கொண்டது 152 பேரைத்தான்.

1767 பிப்ரவரியில் ஒரு தாய் தன் ஆண் குழந்தையோடு கொண்டுவந்தது, ஊசிகளைக் குத்தி வைக்கும் சிறு துணி உறை. பல நிறத் துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்தது. மேலே ஓர் இருதயமும் எழுத்துக்களும் நூலால் வேலை செய்தது. அதை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை அங்கே கொடுத்துவிட்டு, மறு பாதியைத் தான் வைத்துக்கொண்டாள். இல்லத்தார் அந்தக் குழந்தைக்கு வேறு பெயர் வைத்தார்கள். எட்டு வருஷம் கழித்து, 1775-ல், அவள் திரும்பி வந்து பிள்ளையை அழைத்துக்கொண்டு போனாள்.

கதாசிரியர்கள் இப்படி எழுதினால், போதும் உங்கள் கற்பனை என்று வாசகர்கள் கடிதம் போடுவார்கள்! என் மனம் நின்றது பிள்ளை கிடைத்த இடத்தில் அல்ல. அந்த எட்டு வருஷம் அவள் வைத்திருந்த பாதி உறையில். வெட்டிய உறையில் ஊசி நிற்காது, உபயோகமற்ற துணி. ஆனால் அது கையில் இருக்கும்வரை, தனக்கு ஒரு பிள்ளை உண்டு என்று அவள் சொல்லிக்கொள்ளலாம். திரும்பி வரமுடியாமல் போன ஆயிரக்கணக்கான பெண்களுக்கு அந்தப் பதிவுத் தாளிலுள்ள துணித் துண்டு அவர்களுக்காக இன்றைக்கும் சாட்சி சொல்கிறது. என் அம்மாவின் சிவப்புத் துணிக்கு என்ன குறை? குழந்தைக்கென்று ஆரம்பித்ததை அவள் எரிக்கவில்லை, பிரித்து வேறு துணியோடு தைக்கவில்லை. தினமும் கை படுகிற இடத்தில் மாட்டிவிட்டாள். தைக்காதே என்றவர்களுக்கு அவள் சொன்ன பதில் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. அத்தையின் பேச்சைக் கேட்டு அவள் ஒன்றுமே தைக்காமல் இருந்திருந்தால், அந்தப் பிள்ளையும் போய், அதற்கென்று இருந்த ஒரு சாண் துணியும் இல்லாமல் போயிருக்கும்.

நான் நாளைக் கடத்துவதை என் மகள் கவனித்திருக்கிறாள். ஒரு நாள் சாயங்காலம் மெஷினண்டை வந்து நின்றாள். குண்டூசி குத்தின நாலாவது பை அப்படியே கிடந்தது.

"பயமா இருக்காம்மா?"

நான் பதில் சொல்லவில்லை.

"போன ரெண்டு தடவையும் நாம ஒண்ணுமே தைக்கலியேம்மா" என்றாள்.

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாக, கணக்கு ஒப்பிக்கிறவள்போலச் சொன்னாள். இதற்கு எபிக்டெட்டஸிடமும் பதில் கிடையாது, பாட்டிமாரிடமும் கிடையாது. நாங்கள் கையை நீட்டாமலே இருந்தோம். அதனால் துக்கம் ஒரு குன்றிமணி அளவாவது குறைந்ததா? குறையவில்லை. துக்கப்படுவதற்கு ஓர் அடையாளம் இல்லாமல் போனதுதான் மிச்சம். மூன்றாம் நாளே அவள் ஆபீசுக்குப் போனாள். எல்லோரும் அவளைத் தைரியசாலி என்றோம்.

வருமா, வராதா என்று தெரியாத ஓர் உயிருக்கு இடம் செய்துவைப்பது அகந்தையா என்ற கேள்வியையே நான் தப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று அன்றைக்குத்தான் பட்டது. அந்தப் பைத்தொங்கல் குழந்தைக்கே அல்ல. பிறந்த குழந்தைக்குப் பாலும், சூடும், மெல்லிய துணியும் போதும். அந்தத் துணி பெட்டியிலிருந்து வந்தாலும் பையிலிருந்து வந்தாலும் அதற்கு ஒன்றுதான். தொட்டிலுக்குள்ளும், அதன் பக்கவாட்டிலும் துணிச் சாமான்கள் எதுவும் இருக்கக்கூடாது, குழந்தைக்கு மூச்சு முட்டும், இழுத்தால் கழுத்தில் சுற்றிக்கொள்ளும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். ஆகவே அது தொங்கப்போவது குழந்தைக்கு எட்டாத சுவரில். பெற்றவள் படுக்கையிலிருந்து எழுந்திராமலே கை எட்டுகிற உயரத்தில். ராத்திரி இரண்டு மணிக்கு, தையல் போட்ட வயிற்றோடு, விளக்கைப் போடாமல் ஒரு துண்டுக்காகத் துழாவுகிற கை ஒன்று உண்டே, அந்தக் கைக்காகத்தான் மூன்று அங்குலம் கூடுதலாக வெட்டி மடிப்பு வைக்கிறேன். குழந்தை நாளைய விஷயம். அந்தக் கை இன்றைக்கு என் எதிரில் இருக்கிறது.

யோசித்துப் பார்த்தால், வளைகாப்பில் குழந்தைக்கென்று ஒரு பொருளாவது உண்டா? வளையல் அவளுக்கு, பூ அவளுக்கு, சந்தனமும், சித்திரான்னமும் அவளுக்கு. பிள்ளைக்கு முன்கூட்டி எதுவும் செய்யாதே என்று சொன்ன அதே கிழவிகள்தாம், பெற்றெடுக்கப் போகிறவளுக்கு எதையும் குறைக்காதே என்றும் சொல்லி வைத்தார்கள். நாமோ முதல் பாதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம். இரண்டாம் பாதி ஒரு நாள் சடங்கோடு முடிந்துபோகிறது. மற்ற நாட்களில் வீடு முழுவதும் அவள் வயிற்றைப் பார்க்கிறது. முகத்தைப் பார்க்கிறவர்கள் குறைவு. வயிறு வெறுமையானால், முகத்தைப் பார்ப்பதற்கே கூசுகிறோம். 1952-ல் என் அம்மாவுக்கு நேர்ந்தது அதுதான். என் மகளுக்கு நான் செய்ததும் கிட்டத்தட்ட அதுவே.

அன்று ராத்திரியே நாலாவது பையைத் தைத்தேன். மூலைகளில் மூன்று தடவைக்குப் பதில் நாலு தடவை ஓட்டினேன். மேலே கம்பி நுழைகிற மடிப்பைப் போட்டு, ஓரத்துக்கு மங்கின சிவப்பில் பைப்பிங் வைத்தேன். சுங்குடிச் சேலையில் மிச்சமிருந்த தலைப்பு அம்மாவின் பெட்டியில் கிடந்தது. அது அதற்குச் சரியாக இருந்தது.

இப்போது அவளுக்கு எட்டாம் மாதம். பைத்தொங்கல் படுக்கையண்டை சுவரில் மாட்டியாகிவிட்டது. குழந்தைத் துணி இன்னும் எதுவும் வாங்கவில்லை. அந்த மட்டும் மாப்பிள்ளை வீட்டாரின் பேச்சு நடக்கிறது. ஆகவே முதல் பையில் அவள் மூக்குக்கண்ணாடியும், படிக்கிற நாவலும். என் நாவல் அல்ல, துப்பறியும் கதை. இரண்டாவதில் மாத்திரைகள். மூன்றாவதில், இனிப்பு கூடாது என்று நான் ஒளித்து வைத்த கடலை மிட்டாய்.

நேற்று விளக்கு வைக்கிற நேரத்தில் அவள் அறைக்குப் போனேன். நாலாவது பையில் காகிதம்போல் ஏதோ லேசாகத் துருத்திக்கொண்டிருந்தது. பார்த்தும் பாராததுபோல் ஜன்னலைச் சாத்தப் போனவள், திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தேன்.

"அதிலே என்னம்மா?" என்று கேட்டேன்.

அவள் கையை விட்டு எடுத்தாள். இரண்டு ஸ்கான் படங்கள். முதல் தடவையது ஒன்று, இரண்டாம் தடவையது ஒன்று. அந்த வழவழப்பான தாளில் படம் நாளாக ஆக மங்கிப்போகும். முதல் படத்தில் இப்போதே பாதி போய்விட்டது. இவ்வளவு நாளும் எங்கே வைத்திருந்தாள் என்று கேட்டேன். ஆபீஸ் மேஜை டிராயரில் என்றாள். பிறகு, நான் ஒன்றும் கேட்காமலே, அந்த ஐந்தாம் மாதத்து நாளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள்.

ராத்திரி நாங்கள் சாப்பிட உட்காரும்போது மணி பத்துக்கு மேல் ஆகிவிட்டது.